சும்மா கிடக்கிற பாதிப் பக்கம்

“கண்ணுக்கு ரெண்டு புள்ளி காணும், ரீச்சர்” என்றார் பதிப்பாளர்.

நான் கொண்டுபோய் மேசையில் வைத்த படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வாசல் படலையடியில் ஒரு சிறுமி நிற்கிறாள். பின்னேரமாகியும் அவளுடைய ஆட்டுக்குட்டி வீடு திரும்பவில்லை. அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் வந்துவிடும். அவ்வளவுதான் கதை. அந்தச் சிறுமியின் கண்ணுக்கு நான் இமை போட்டு, இமைக்கு மயிர் போட்டு, கருமணியில் வெளிச்சம் விழும் இடத்தில் ஊசிமுனை அளவு வெள்ளை விட்டிருந்தேன். பின்னால் வேலி. வேலியில் பூவரசு, ஒவ்வொரு இலைக்கும் நரம்பு. மின்கம்பியில் ஒரு காகம். படலைக் கொளுக்கியில் பிடித்திருந்த துருவைக்கூடச் சின்னச் சின்னக் கோடுகளால் காட்டியிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு மனுசன் இரண்டு புள்ளி போதும் என்கிறார்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கொப்பி பேனைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அவருடைய அச்சகம். சோறு போடுவது கல்வெட்டுதான். செத்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் தேவாரமும் போட்டு முப்பத்தோராம் நாளில் உறவினருக்குக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான் எங்களூரில் கல்வெட்டு என்போம். அதில் வருகிற காசில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சிறுவர் புத்தகம் போடுவார். அது அவருக்கு ஆசை. இரண்டுக்கும் படம் கீறிக் கொடுப்பது நான். நான் கீறிய குத்துவிளக்கும் தாமரைப்பூவும் வலிகாமத்தில் பாதி வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி இன்றுவரை எவரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவர் மேசை லாச்சியைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களை எடுத்து விரித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பூசணிக்காய்த் தலை. தலையில் இரண்டு புள்ளி. உடம்புக்கு ஒரே நிறம், அதுவும் கோடு தாண்டி வழிந்திருந்தது. கையில் விரல் இல்லை. பக்கத்தில் பாதி வெறும் வெள்ளை.

“விரல் இல்லாத பிள்ளை ஆட்டுக்குட்டியை என்னெண்டு பிடிக்கும்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நல்ல மனுசன், என் வாய்க்குப் பழகியவர். “இடம் விடுங்கோ, ரீச்சர். எல்லாத்தையும் நீங்களே கீறிப்போட்டால் பிள்ளையளுக்கு என்ன மிச்சம்? அந்த இடத்திலை தாங்களே ஏதும் நினைச்சுக்கொள்ளுவினம்.”

“நினைக்கிறதுக்கு அவைக்கு ஏன் புத்தகம்? கீழ்க்கடையிலை வெறுங்கொப்பி வாங்கிக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் ஊர் அளவெட்டிக்கு வரும்வரை பஸ்ஸில் எனக்குள் புகைந்துகொண்டே வந்தேன். ஆனால் அந்தக் கோபம் புள்ளிக் கண்ணின் மேல் வந்ததல்ல. அந்தப் புள்ளிக் கண்கள் என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டன என்று எனக்கொரு எண்ணம். என் பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் மகளை.

தங்கையின் கணவர் முதலில் சுவிஸுக்குப் போனார். தங்கைக்குப் பத்திரங்கள் சரிவந்து அவள் புறப்படுகிற நேரத்தில் பிள்ளையின் பத்திரத்தில் ஏதோ சிக்கல். ஆறு மாதத்தில் சரியாகிவிடும், அதுவரை அக்காவிடம் இருக்கட்டும் என்றார்கள். பிள்ளை அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஆறு மாதம் என்றது மூன்று வருடத்துக்கும் மேலே இழுத்தது. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. தாய் தகப்பனைப் போனில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும். நான் கலியாணம் கட்டாதவள். உடுவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். அதுவரை என் வீட்டில் சத்தம் என்றால் இரண்டு வளவு தள்ளி ஒருவர் நாதஸ்வரம் பழகுகிற சத்தம்தான்.

அவள் என்னை அம்மா என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பக்கத்தில் இருந்தவளை அப்படிக் கூப்பிட்டாள். தங்கையை அவள் கூப்பிட்டது ‘போன் அம்மா’. தங்கை அங்கே சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போனைச் சிறிது நேரம் வேறு பக்கம் திருப்பி வைத்திருப்பாள். எனக்கு விளங்கும். விளங்கினாலும் அந்தச் சொல் எனக்கு இனித்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

நித்திரைக்கு முன் அவளுக்கு ஒரு புத்தகம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நான் சின்னவளாக இருந்தபோது சோவியத் நாட்டில் அச்சடித்துத் தமிழில் வந்த புத்தகங்கள் எங்கள் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எங்கள் அப்பு வாங்கித் தந்தவற்றில் மற்றதெல்லாம் இடம்பெயர்வுகளில் போக, இது மட்டும் எப்படியோ என்னுடன் சுற்றித் திரிந்தது. அட்டை போய்விட்டது, பெயரும் அட்டையோடு போய்விட்டது. ஒரு கரடிக்குட்டி காட்டில் வழி தவறி வீடு தேடுகிற கதை. நான் படம் கீறப் பழகியது அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். கரடிக்குட்டியின் உடம்பில் மயிர் ஒவ்வொன்றும் தனிக் கோடு. மரப்பட்டையில் வெடிப்பு. வீட்டுக்குள் தொங்குகிற துணியில் தையல். பனி வெறும் வெள்ளையாக இருக்காது. நீல மையில் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தே குளிர்ந்தவள் நான், அதுவும் வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில், பங்குனி வெயிலில்.

அந்தப் படங்களில் பிள்ளை தேடுவாள். கதையை நான் அரைக்கண்ணோடு சொல்லிக்கொண்டிருப்பேன், அவளுடைய விரல் படத்துக்குள் போய்விடும். கதவுக்குப் பின்னால் கூட்டுகிற தும்புத்தடி ஒன்று நிற்பதைக் கண்டுபிடித்தாள். மேசைக்குக் கீழே ஒரு எலி. பிறகொரு நாள் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

“அம்மா! குட்டியின்ரை கண்ணுக்குள்ளை ஒரு யன்னல் இருக்குது!”

நான் நம்பவில்லை. வாங்கிப் பார்த்தேன். இருந்தது. கரடிக்குட்டி தூரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கிற பக்கம் அது. அந்த வீட்டின் யன்னல், சட்டத்தோடு, அதன் கருமணிக்குள் கடுகளவாக விழுந்திருந்தது. எத்தனையோ வருடம் அந்தப் புத்தகத்தோடு கிடந்தவள் நான். என் கண்ணில் அது படவேயில்லை. எங்கேயோ ஒரு குளிர்நாட்டில் யாரோ ஒருவர் குனிந்திருந்து கீறிய அந்த யன்னலை எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். நல்ல படம் என்றால் இதுதான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

பத்திரம் சரிவந்தது. போவதற்கு முந்திய வாரங்களில், “இனிமேல் பெரியம்மா எண்டு கூப்பிட வேணும், என்ன?” என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். தங்கை கேட்கவில்லை, நானாகவே செய்தேன். பிள்ளை கெட்டிக்காரி, கெதியாகப் பழகிவிட்டாள். நான்தான் பழகவில்லை. அவள் பெரியம்மா என்று கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறாள் என்று பேசாமல் இருந்துவிட்டு இரண்டாம் தரம்தான் திரும்புவேன்.

அதற்குப் பிறகு போனுக்குள் போனது நான்.

ஞாயிறு தவறாமல் கதைப்பாள். முதலில் நிறையக் கதைத்தாள், பிறகு குறைந்தது. தமிழும் குறைந்தது, நடுநடுவே அந்த ஊர்ச் சொற்கள் வந்தன. கதைக்க ஒன்றுமில்லாமல் போகிறபோது பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்த புத்தகங்களை எனக்குத் தூக்கிக் காட்டுவாள். எல்லாம் பதிப்பாளர் காட்டிய அதே சாதி. இரண்டு புள்ளி, ஒரு வாய், வெள்ளை. ஒருநாள் அவள் காட்டிய பக்கத்தில் கீழ் மூலையில் மட்டும் ஒரு மண்ணிறக் கரடி இருந்தது. மற்றதெல்லாம் வெறுந்தாள்.

“பாதிப் பக்கம் சும்மா கிடக்குது” என்றேன். “கீறினவருக்குப் பஞ்சி பிடிச்சிட்டுதாக்கும்.”

“சும்மா இல்லை, பெரியம்மா. அது ஷ்னே” என்றாள். அந்த ஊர்ப் பாஷையில் பனி.

“பனியெண்டால் உப்பிடியே கீறுறது? எங்கடை புத்தகத்திலை பார், நீலக் கோடு போட்டு எவ்வளவு வடிவாய்க் கீறியிருக்கு.”

என்னை நோகவைக்கக் கூடாது என்று நினைத்தவள்போல மெதுவாகச் சொன்னாள்: “ஆனால் பெரியம்மா, வெளியிலை பாத்தால் உப்பிடித்தான் இருக்கும். கோடு ஒண்டும் இல்லை.”

போனை யன்னலுக்குத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். ஒரு கோடும் இல்லை. தூரத்தில் ஒரு மலை நின்றது. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் ஒரே வெள்ளை.

வாழ்நாளெல்லாம் பனியைக் கோடு கோடாகக் கீறி வந்தவளுக்கு, பனியைக் கண்ட பிள்ளை ஒரு வார்த்தையில் பாடம் எடுத்துவிட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. “அது உங்கடை ஊர்ப் பனி, இது ரஷ்யாப் பனி” என்று சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு, அவளுக்கு இனிமேல் என் புத்தகத்தில் தேட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தேடிப் பழகிய பிள்ளையை ஒரே பார்வையில் பார்த்துவிட்டுத் தட்டுகிற படங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். படத்தில் தேடாதவள் ஒருநாள் என்னையும் தேடமாட்டாள்.

அந்தப் பயத்தில்தான் விசாவுக்குப் போட்டேன். ஒரு மாதம் போய் நின்றுவிட்டு வரத்தான். பள்ளிக்கூடக் கடிதம், காணி உறுதி, தங்கையின் அழைப்பு எல்லாம் கொடுத்தும் மறுத்துவிட்டார்கள். தனி ஆள், திரும்பி வருவேன் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். கொழும்பிலிருந்து வருகிற பஸ்ஸில் அதை நினைத்து நினைத்து வந்தேன். சத்தியமாகக் கேட்டால் எனக்கே தெரியாது, திரும்பி வந்திருப்பேனோ என்று.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே கூத்து நடக்கும். இயற்கைக் காட்சி கீறுங்கோ என்று சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு மலை கீறி, நடுவில் சூரியனை வைத்து, அடியில் ஆறு விடுவார்கள். எங்கள் குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒரு மேடும் இல்லை, ஆறும் இல்லை. மேசைப்பலகைபோல் கிடக்கிற மண். அந்தப் பிள்ளைகளில் பலர் மலையைக் கண்ணால் கண்டதில்லை. அண்ணன் கீறினான், அதைப் பார்த்துத் தம்பி கீறுகிறான். நானும் வருடம் முழுக்கச் சத்தம் போட்டுப் பார்த்தேன், பனை கீறு, கிணறு கீறு, வாசலில் நிற்கிற சைக்கிளைக் கீறு என்று. அடுத்த வருடம் திரும்பவும் இரண்டு மலை வந்து நிற்கும். என்னிடம் வளர்ந்த இவளும் அதையே கீறினாள், ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகளிடம் பழகிக்கொண்டு. சித்திர ரீச்சர் வீட்டுச் சுவரிலேயே இரண்டு மலை.

அவள் போனில் காட்டிய கரடிப் புத்தகத்தைப் போன்ற ஒன்றைப் பதிப்பாளரிடம் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன், பிள்ளைகள் அதைத் தூக்கி எறிவார்கள் என்ற நம்பிக்கையில். எறியவில்லை. கூடவே எடுத்துப்போயிருந்த என் பழைய புத்தகத்தைச் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள், “எப்பிடி ரீச்சர் உப்பிடிக் கீறினவை?” என்று கேட்டார்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு போய் இருந்தார்கள். புள்ளிக் கண் புத்தகத்தைப் பார்த்தவுடன் பென்சிலைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு யாரும் மலை கீறவில்லை. பூசணித் தலையோடு தங்கள் தங்கள் தம்பிமாரைக் கீறினார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். அவர்கள் செய்வது சரியென்று தெரிந்ததால் வந்த எரிச்சல் அது.

போன ஆவணியில் தங்கை குடும்பம் லீவுக்கு வந்தது.

வான் விடியப்புறம் வந்து நின்றது. தங்கை, அவள் கணவர், அங்கே பிறந்த சின்னவன், கடைசியாக அவள். எட்டு வயது. கால் நீண்டுவிட்டது, கொண்டையை உயர்த்திக் கட்டியிருந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். அவள் தாயின் பின்னால் அரை அடி ஒதுங்கி, “வணக்கம் பெரியம்மா” என்றாள். மரியாதையாக, சரியான உச்சரிப்போடு. யாரோ சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவள் வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அதற்குப் புதிதாக மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருந்தேன். மடியில் இருக்கிற வயது போய்விட்டது, பக்கத்தில் இருந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். “வடிவாயிருக்கு” என்றாள். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். போனில் படம் தள்ளுகிற விரலால் தாள்களைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவின் பின்னால் தும்புத்தடி நின்றது, அவள் பார்க்கவில்லை. எலியையும் பார்க்கவில்லை. யன்னல் இருக்கிற கண் வந்தது. அந்தப் பக்கத்தையும் தள்ளிவிட்டாள்.

“நித்திரை வருதே, குஞ்சு?” என்று கேட்டேன்.

“ஓம், பெரியம்மா.”

பிரயாணக் களைப்பு என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்தடுத்த நாட்களுக்கு அந்தச் சாட்டும் இல்லாமல் போயிற்று. அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள். திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், சனம் குறைந்ததும் கையை விட்டாள். விருந்துக்கு வந்த பிள்ளை. நான் குசினிக்குள் நின்று அவளுக்குப் பிடித்த பால்புட்டு அவித்தபோது, அவளுக்கு இப்போதும் அது பிடிக்குமா என்று தங்கையிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி வாயால் வந்தபோது அழுகை வந்துவிட்டது. புட்டுக்குழலின் ஆவி முகத்தில் அடித்ததால் தங்கை கவனிக்கவில்லை.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் விறாந்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் இருந்து மாங்காய் சீவிக்கொண்டிருந்தேன். தங்கை பெட்டி அடுக்கிக்கொண்டு அறைக்கும் விறாந்தைக்குமாக நடந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். தாளின் குறுக்கே ஒரு நேர்க்கோடு, நிலம் அது. கோட்டின் இடதுபக்கம் நாலு பேர். தகப்பன், தாய், தம்பி, அவள். பூசணித் தலை, இரண்டு புள்ளி, விரல் இல்லாத கை. அவளுடைய ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. வலதுபக்கத்தில் ஒன்றுமில்லை. தாளில் சரிபாதி வெள்ளை.

அதில் நான் இல்லை என்பதைத்தான் முதலில் கண்டேன். அந்தக் கொதிப்பில் எனக்குள்ளிருந்த ரீச்சர் எழும்பிவிட்டாள்.

“பாதிப் பக்கம் சும்மா கிடக்குதே. உங்கடை யன்னலாலை அவ்வளவு பெரிய மலை தெரியுது. இஞ்சை இருக்கேக்கை காணாத மலையை எல்லாம் கீறினாய், இப்ப அதையாவது கீறன்.”

“மலை வேண்டாம்.”

“அப்ப ஒரு மரம்.”

“வேண்டாம், பெரியம்மா.”

எனக்குக் கை துறுதுறுத்தது. மாங்காய்க் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, வகுப்பில் செய்கிற பழக்கத்தில் குனிந்து, அவளுடைய பேனையை எடுத்து அந்த வெள்ளையில் ஒரு பனை வைக்கப் போனேன். இரண்டு கோடு இழுத்தால் பனை, எனக்கு அது மூச்சு விடுகிற வேலை.

அவள் பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் அந்த இடத்தைப் பொத்தினாள்.

“கீறாதேங்கோ! அதிலை ஒண்டும் கீறாதேங்கோ!”

வந்த நாளிலிருந்து அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம். நான் பயந்துவிட்டேன். “ஏனம்மா?” என்றேன்.

“அது உங்கடை இடம்.”

எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தமிழ்ச் சொற்கள் கெதியாக வரவில்லை, கையைத் தாளிலிருந்து எடுக்காமலே தேடித் தேடிச் சொன்னாள். “உங்களுக்கு இன்னும் விசா தரேல்லை எண்டு அம்மா சொன்னவ. வந்தாப் பிறகு நீங்கள் இதிலை நிக்கலாம். அதுக்குத்தான் நான் விட்டனான்.”

“மலையையும் அதுக்குத்தானோ கீறாமல் விட்டனி?”

“மலை கீறினால் நீங்கள் வாறது தெரியாதே.”

தங்கை துவாயொன்றை மடித்துக்கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள். “இவள் எப்பவும் உப்பிடித்தான், அக்கா. அங்கை போன நாள் தொட்டு எந்தப் படம் கீறினாலும் பாதித் தாளை விட்டிடுவாள். பள்ளிக்கூடத்திலையும் ரீச்சர் கேட்டவவாம். நான் உது இப்பத்தைய ஸ்டைலாக்கும் எண்டெல்லோ நினைச்சன்.” சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

நான் பேனையை நிலத்தில் வைத்தேன். மூன்று வருடத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் படங்களையும் எனக்குக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பாதி வெள்ளையைக் கண்டு, இந்தப் புதுப் புத்தகங்கள் பிள்ளையின் கையைக் கெடுத்துவிட்டன என்று பல்லைக் கடித்தவள் நான். இலைக்கு நரம்பு பார்க்கிற கண் எனக்கு. என் எதிரே பிடித்த தாளில் என் இடம் அத்தனை பெரிதாகக் கிடந்திருக்கிறது, நான் காணவில்லை. அவளைக் கட்டிப்பிடித்தேன். மாங்காய்ப் பால் மணக்கிற கையோடு, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள், நான் முன்பு அவளுக்குத் தட்டுகிற மாதிரியே.

அந்தப் படத்தைத் தா என்று கேட்டேன். தரவில்லை. “நீங்கள் நிக்கிற இடம் அங்கையெல்லோ” என்று சொல்லித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் வான் வந்தது, போனது. வீட்டைக் கூட்டினேன். அவள் தலைமயிர் கட்டுகிற நாடா ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்து யன்னல் கம்பியில் கட்டிவிட்டு, விசாவுக்குத் திரும்பவும் என்னென்ன வேண்டும் என்று தங்கைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

பிறகு ஆட்டுக்குட்டிப் படத்தைப் புதிதாகக் கீறினேன். வேலி வேண்டாம், பூவரசு வேண்டாம், காகமும் வேண்டாம். இடது ஓரத்தில் படலை, படலையைப் பிடித்தபடி அந்தச் சிறுமி. வலதுபக்கம் முழுவதும் வெறுந்தாள். அதை அப்படியே விடுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு சின்னப் புல்லாவது வைக்கச் சொல்லிக் கை கெஞ்சியது, எழும்பிப் போய்ப் பின்வளவில் கட்டியிருந்த மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். ஆனால் கண்ணை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இமை, இமைமயிர், கருமணி எல்லாம் பழைய முறையில் வைத்தேன். யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிற கண்ணைப் புள்ளியால் கீற எனக்கு வராது.

பதிப்பாளர் வெள்ளையைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். “இப்பதான் ரீச்சர் சரியாய் வந்திருக்கு” என்றார். கண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை ஸ்கான் செய்துகொண்டு தாளைத் திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் படத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“பெரியம்மா, பாதிப் பக்கம் சும்மா கிடக்குது!” என்றாள். என் குரலிலேயே சொன்னாள், கள்ளச் சிரிப்போடு.

“ஓம், விட்டிருக்கிறன்.”

“ஆட்டுக்குட்டிக்கோ?”

“ஆட்டுக்குட்டிக்கும்தான்.”

“கிட்டக் கொண்டுவாங்கோ” என்றாள். தாளைப் போனுக்குக் கிட்டப் பிடித்தேன். “இன்னும் கிட்ட.” அவளுடைய முகம் திரையை நிறைத்தது. மூக்கு நுனியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. அந்தக் கண் படலையை விட்டு, சிறுமியின் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது.

“கண்ணுக்குள்ளை ஆரோ நிக்கினம், பெரியம்மா.”

“ஆரெண்டு பார்.”

அவள் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை உளைந்தது. தாளை நான் இறக்கவில்லை.